சுன்னிவா வெட்டிய இருமல்கள்

சுன்னிவாவுக்கு என் இருமல் பிடிக்காது. என்னையே அவ்வளவாகப் பிடிக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எங்கள் துறைமுக ஊரான ஃப்ளோரோவில் பாட்காஸ்ட் நடத்துகிறவன் நான் ஒருவன்தான், அதை வெட்டி ஒட்டிச் சீராக்கத் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான். வேறு வழியில்லாமல் துறைமுகக் காபிக் கடையின் மாடியறையில் சேர்ந்து குப்பை கொட்டுகிறோம். காதில் ஹெட்போன், மடியில் கம்பளிப் பின்னல், மேசையில் பாதி கடித்த மொறுமொறு ரொட்டி, இதுதான் சுன்னிவா. எந்த நிகழ்ச்சியையும் கடைசியாக ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு முழுதாகக் கேட்காமல் வெளியே விடமாட்டாள். அந்தப் பிடிவாதத்துக்காக அவளை நான் திட்டாத வாரமில்லை.

அந்தச் சனிக்கிழமை நண்பகலில் தோர்லைவின் பேட்டி வெளியாக வேண்டும். வெளியானதும் கீழே கடையில் எல்லோரும் கேட்கும்படி போடுவார்கள். மீன்பிடிப் படகு ஒன்றில் எஞ்சின் பார்த்தவர் தோர்லைவ். அந்தப் படகு புயலில் மூழ்கியபோது இதே ஊர்க்காரரான குன்வால்டின் ஒரே மகன் போய்விட்டான். தண்ணீர் இறைக்கும் பம்ப் பழுது என்று தோர்லைவுக்கு முன்பே தெரியும் என்று ஊர் முணுமுணுத்தது. முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை. இந்த ஊரில் நாங்கள் கேட்கமாட்டோம். பல வருடம் கழித்து என்னிடம் பேச ஒப்புக்கொண்டார். அவர் தன் வீட்டிலிருந்து பேசினார், நான் இங்கிருந்து. அதனால் இரண்டு குரலும் தனித்தனி ட்ராக்கில் இருந்தன.

"போதும், அனுப்பிடு," என்றேன்.

"கேட்டுட்டு அனுப்புறேன்."

"அம்மா தாயே, மணியைப் பாரு. கீழ கூட்டம் சேர்ந்தாச்சு. குன்வால்ட் வேற வந்து உக்காந்திருக்காரு. தோர்லைவும்தான்."

"அப்ப வாயை மூடிட்டு நீயும் உக்காரு."

கண்ணை மூடினாள். ஊசிகள் ஓடின. பாதியைத் தாண்டியதும் சட்டென்று நின்றன. ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியில் போட்டாள்.

"பம்ப் பழுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" இது என் குரல்.

மூச்சை உள்ளே இழுத்தபடி தோர்லைவ், "ஆமா."

பிறகு என் குரல்: "குன்வால்ட் மகனை நினைச்சு வருத்தப்படுறீங்களா?"

"இல்ல."

அவள் அதோடு நிறுத்தினாள். நான் துள்ளி எழுந்தேன். "அவர் இப்படிச் சொல்லவே இல்லையே!"

"சொல்லல. நான் சொல்ல வச்சிருக்கேன்," என்றாள் சுன்னிவா. அவள் முகம் வெளுத்திருந்தது.

ஒலியில் ஒரு துண்டை வெட்டினால், பின்னால் இருப்பதெல்லாம் தானாக முன்னால் நகர்ந்து இடைவெளியை அடைக்கும். ரிப்பிள் என்பார்கள். அதை எல்லா ட்ராக்குக்கும் சேர்த்து வைப்பதுதான் அவள் வழக்கம். முன்னுரையைச் சரிசெய்ய என் ட்ராக்குக்கு மட்டும் மாற்றியவள், திரும்ப மாற்ற மறந்துவிட்டாள். பிறகு என் இருமல்களை ஒவ்வொன்றாக வெட்ட வெட்ட, என் கேள்விகள் மட்டும் முன்னால் நகர்ந்தன. தோர்லைவ் இருந்த இடத்திலேயே இருந்தார். அந்த "ஆமா"வும் பதிலே இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன், தூங்கவில்லை என்பதற்கு இந்த ஊரில் நாங்கள் எல்லோரும் மூச்சை இழுத்தபடி சொல்வது. நான் கேள்விக்குப் பீடிகை போட்டபோது இழுத்தது, இப்போது கேள்விக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த "இல்ல"வும் முந்தின கேள்விக்குச் சொன்னது.

"ஒரு மணி நேரம் தள்ளிப் போடுவோமா?" என்றேன்.

"தள்ளிப் போட்டா, எதையோ மறைச்சு வெட்டுறாங்கன்னு ஊரே சொல்லும். தோர்லைவ் கீழ உக்காந்திருக்காருடா."

சேமித்து மூடித் திறந்த கோப்பு, செய்ததை ஒரே சொடுக்கில் பழையபடி திருப்ப வழியில்லை. இருமலை வெட்டிய ஒவ்வோர் இடத்தையும் தேடி, வெட்டிய துண்டைத் திரும்ப விரித்து, சத்தத்தை மட்டும் அணைத்தாள். ஒவ்வொன்றுக்கும் என் குரல் ஓரடி பின்வாங்கியது. நான் நகத்தைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தேன். "நடக்காத, தரை அதிருது," என்று சீறினாள்.

மறுபடி கேட்டோம். பம்ப் கேள்வி. நீண்ட மௌனம். பிறகு, "இல்ல. யாரும் எங்கிட்ட சொல்லல." வருத்தமா என்ற கேள்விக்கு, "தினமும்."

"அந்த மௌனத்தை மட்டும் குறைச்சிடு. யோசிச்சுப் பொய் சொல்றாருன்னு நினைப்பாங்க."

"அது அவரோடது. நான் கை வைக்கமாட்டேன்."

அனுப்பிவிட்டுக் கீழே ஓடினோம். கடைக்காரி அப்போதுதான் ஒலியைக் கூட்டினாள். ஜன்னலோரம் குன்வால்ட், கதவோரம் தோர்லைவ். ஒரே கடையில், தனித்தனி மேசையில், இத்தனை வருடமாக அப்படித்தான். கேள்வி வந்தது. மௌனம் வந்தது. சுன்னிவா என் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கடையில் யாரும் கரண்டியைக்கூட அசைக்கவில்லை.

"இல்ல. யாரும் எங்கிட்ட சொல்லல."

நிகழ்ச்சி முடியும்வரை குன்வால்ட் தலை நிமிரவில்லை. முடிந்ததும் எழுந்து கதவோர மேசைக்கு நடந்தார்.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

தோர்லைவ் எதிரே இருந்த நாற்காலியைக் காலால் தள்ளிக் கொடுத்தார்.

"நீ கேக்கவே இல்லையே, குன்வால்ட்."