பக்கவாட்டுக் கதவு

எங்கள் எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்குள் விறகு தள்ளுபவர் அவர். அனலில் கருகிய புருவம், எப்போதும் சிவந்த கண்கள். மாரியம்மன் கோயிலுக்குள் வந்ததும் கும்பிட மாட்டார். பக்கவாட்டுக் கதவை மறைத்து நான் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளை முதலில் நகர்த்துவார்.

கோயில் செயலாளரான எனக்கு எரிச்சலாக வரும். "மொதல்ல சாமியக் கும்பிடுங்கண்ணே" என்றேன் ஒருநாள்.

"வெளிய போக வழி இல்லாட்டி எனக்குக் கும்பிட மனசு வராது லா, செக்ரட்டரி" என்றார்.

ஆடி வெள்ளிப் பூசையில் விளக்குத் தீ திரைச்சீலையில் பற்றிக்கொண்டது. புகை சூழ்ந்து, முன்வாசலில் கூட்டம் நெரிந்தது. அன்றும் அவர் நாற்காலிகளை நகர்த்தியிருந்ததால் பக்கவாட்டுக் கதவு திறந்தது. அதன் வழியே முதலில் ஓடியவன் நான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "படி வழுக்கும், பாத்து செக்ரட்டரி" என்றார்.

அடுத்த மாதக் கூட்டத்தில், பக்கவாட்டுக் கதவை அடைக்காமல் வைத்திருந்து ஒருவருக்கும் காயமில்லாமல் காப்பாற்றியதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கதவருகே நின்று அவரும் கைதட்டினார். அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். துளியும் இல்லை.