மழையை நம்பிய கொட்டகை

ஹெல்மவுத் ஊர்க்காரர்கள் கடலுக்குள் இரும்புத் தூண்கள் நட்டு நீளமாக ஒரு பாலம் போட்டார்கள். அதற்கு அக்கரை கிடையாது. நுனிவரை நடந்து, கடலைப் பார்த்து, திரும்பி வருவதற்குத்தான். நுனியில் ஒரு நாடகக் கொட்டகை. முதல் கொட்டகை எரிந்தது. இரண்டாவதைக் கப்பல் இடித்தது. மூன்றாவதும் எரிந்தது. நான்காவதை அதே இடத்தில், கூடுதலாக இரண்டு கோபுரம் வைத்துக் கட்டினார்கள். புத்தி வந்ததற்கு அடையாளமாக நடைபாதைக்கு மேலே நெடுக, தண்ணீர் தெளிக்கும் தீயணைப்புக் குழாய் ஓடியது.

அந்த நான்காவது கொட்டகையில் ஆயுள் முழுக்கக் கோமாளி வேடம் கட்டியவர் சிரில் பாப்ஜாய். ஜனங்கள் அவரைப் பார்க்க வரவில்லை, மழைக்கு ஒதுங்க வந்தார்கள். அது அவருக்கும் தெரியும். வானம் கருத்தால் மீசையை ஒட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மகள் தெல்மாவின் கல்யாண விருந்தில் தூறல் விழுந்தபோதும் அப்படித்தான் எழுந்து ஓடினார்.

வசந்தத்தில் சிரில் இறந்தார். கடைசியாக மகளிடம் ஒன்றுதான் கேட்டார்: "பாதிரியார் பேச்செல்லாம் வேண்டாம்மா. என் ஜோக்கை மேடையில யாராவது படிங்க. காலி நாற்காலிங்ககிட்ட மட்டும் என்னை விட்டுடாதே."

தெல்மா குழாய், பம்பு சம்பந்தப்பட்ட பொறியாளர். யோசித்து நினைவுக் கூட்டத்துக்கு ஆகஸ்ட் சனிக்கிழமை ஒன்றைக் குறித்தாள். அந்த ஊரில் ஆகஸ்ட் சனிக்கிழமை மழை தப்பாது. அன்று தப்பியது. அனுமதி இலவசம் என்ற பலகையை ஐஸ்கிரீமும் கையுமாகப் படித்துவிட்டு எல்லோரும் நகர்ந்தார்கள். மேயர் மலர்வளையம் அனுப்பிவிட்டுக் குளிக்கப் போயிருந்தார்.

சிரிலின் மேடைக் கூட்டாளி டோரிஸ், ஜிகினா உடையில் வாசலில் நின்றாள்.

"செத்தும் யோகமில்ல உங்கப்பனுக்கு. வெயிலைப் பாரு, கண்ணு."

தெல்மா தலைக்கு மேலிருந்த குழாயைப் பார்த்தாள். "அத்தை, இந்தக் குழாய்ல தண்ணி வருமா?"

"வருஷாவருஷம் சோதிக்கணுமாம். எவன் சோதிச்சான்?"

"நான் சோதிக்கிறேன்."

வால்வு முதலில் முரண்டு பிடித்தது. பிறகு துருநீர் வந்தது, அதன்பின் நல்ல நீர், பாலம் நெடுக. மேலே மேகம் ஒன்றுகூட இல்லை. கீழே மணலில் ஆட்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். பாலத்தில் இருந்தவர்களில் ஒருவர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. குடைகள் விரிந்தன.

"ஆரம்பிச்சிருச்சு," என்றார் ஒருவர். காலையிலிருந்து வெயிலைச் சந்தேகித்தவருக்கு இப்போதுதான் நிம்மதி. ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டபடி வரிசை கட்டி உள்ளே போனார்கள். கொட்டகை நிறைந்தது.

டோரிஸ் படித்தாள்: "கடலோட ஒரு ரூம் கேட்டேன். ராத்திரிக்குள்ள கட்டிலுக்கடியில வந்துருச்சு."

ஈரக் கோட்டுகள் முனகின, பிறகு சிரித்தன. சிரில் நிறுத்துகிற இடத்தில் டோரிஸ் நிறுத்தினாள். அவர் வாங்குகிற சிரிப்பு அப்படியே எழுந்தது. தெல்மா கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

பக்கத்திலிருந்தவர் சன்னலைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் சாய்ந்தார். "மழை விடறதுக்குள்ள இன்னும் ரெண்டு சொல்லச் சொல்லுங்க."

வால்வின் கைப்பிடி அவள் கோட்டுப் பைக்குள் இருந்தது.

"இப்போதைக்கு விடாது," என்றாள்.