அம்மா கேட்ட ஒரே சந்தேகம்

சூடேறிய தூசிக்கு என்று ஒரு மணம் உண்டு. கூடுவாஞ்சேரியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் பெரிய கூடத்தில் ஜன்னல்களுக்கெல்லாம் பழைய போர்வைகளை மாட்டி இருட்டாக்கிவிட்டு, படம் காட்டும் கருவியின் விளக்கைப் போட்டதும், உள்ளே படிந்திருந்த தூசி மெல்லக் கருகி அந்த மணம் கூடம் முழுக்கப் பரவும். மற்றப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பாக மணந்த காலத்தில் எனக்கு அது இப்படித்தான் மணந்தது. அந்த மணத்தை நான் விரும்பினேன் என்று சொன்னால் பொய். ஆறு நாள் பள்ளிக்கூடம் போன களைப்போடு ஏழாவது நாளும் இன்னொரு பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் போய் உட்காரும் பிள்ளையின் சலிப்பு என்னிடம் அப்போதே இருந்தது.

அப்பா கடற்கரை ஓரத்து அணு ஆராய்ச்சி நிலையத்தில் கருவிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் வேலை பார்த்தார். தினமும் விடியலில் அலுவலக பஸ் ஏறி, பொழுது சாய்ந்து திரும்புகிறவர். ஊழியர் குடியிருப்பில் வீடு கிடைத்தும் வேண்டாமென்றுவிட்டார்கள். அம்மாவுக்குச் செங்கல்பட்டுத் தொலைபேசி நிலையத்தில் வேலை, ரயிலில் போய்வர இதுதான் வசதி. வாரம் முழுக்க இப்படி அலைந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டிப் படுத்திருக்கலாம். ஆனால் அவர் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் சாமுவேல் மாமாவோடு சேர்ந்து ஓர் அறிவியல் வட்டம் நடத்தினார். ஒரு ஞாயிறு பேச்சு என்றால் அடுத்த ஞாயிறு எங்காவது ‘உலா’. வட்டம் என்ற சொல்லைப் பலகையில் பார்த்துவிட்டுத் தாலுகா ஆபீஸ் சமாச்சாரம் என்று நினைத்துப் பட்டா மாற்றக் காகிதங்களோடு வந்து உட்கார்ந்தவர்களும் உண்டு. அவர்களையும் அப்பா அனுப்பமாட்டார். உட்கார்ந்து சந்திர கிரகணத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

சாமுவேல் மாமா ஏரிக்கரைத் தெருக்காரர். அவருடைய தாத்தா காலம் வரை அந்த ஏரி பாய்ந்த வயல்களில் கூலிக்கு இறங்கிய குடும்பம். அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். பேச்சாளர்களைப் பிடித்து வருவது, நாற்காலி போடுவது, கடைசியில் நன்றி சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. அப்பாவை ‘சார்’ என்பார், அம்மாவை ‘அக்கா’ என்பார். அம்மா சுண்டல் தூக்கோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து, பேச்சு முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். அவள் தூங்குகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

உலாக்களில் பாதி எனக்கு இன்று குழம்பிப்போய் ஒன்றாகத் தெரிகின்றன. திருப்போரூர் வழியாக டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே மாமல்லபுரம் போய், ஆட்கள் கூடாத தெற்குப் பக்கத்துப் பாறைகளில் அலை விட்டுப்போன குட்டைகளைக் குனிந்து குனிந்து பார்த்தது. முட்டுக்காட்டுக் கழியின் சேற்றில் என் செருப்பு புதைந்தது. மார்கழியில் வேடந்தாங்கலுக்குப் போய்ப் பறவைகளைவிட அதிகமாகப் பறவை எச்சத்தின் நெடியை நினைவில் கொண்டுவந்தது. ஆனால் ஓர் உலா மட்டும் தெளிவாக நிற்கிறது, அதுவும் உள்ளூரிலேயே நடந்தது. ஐப்பசி மழை நின்ற மறுவாரம், ஏரியின் மேல்பக்கம், நீர் பரவி நிற்கும் மேட்டு ஓரத்தில், முட்டியளவு தண்ணீரில் வரிசையாக நின்று நீலத் தாழைக்கோழிகளைப் பார்த்தோம். கோரைக்குள்ளிருந்து சிவப்புக் கால்களோடு அவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். தண்ணீர் சில்லென்று இருந்தது.

அடுத்த கோடையில் அதே இடத்தில் மனை பிரித்துக் கல் நட்டார்கள். வண்ணக் கொடிகளைக் கட்டி, ஒரு பந்தல் போட்டு, பார்க்க வருகிறவர்களுக்கு மோர் கொடுத்தார்கள். ‘லேஅவுட்’ என்ற சொல்லை நான் கற்றுக்கொண்டது அப்போதுதான். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வெளியேறுகிற கால்வாய் அந்த மனைகளின் நடுவே போனது; அதை மண் கொட்டி நிரவி, சாலை என்று பெயர் வைத்தார்கள். சாமுவேல் மாமா கொதித்துப்போனார். வட்டத்தின் சார்பில் கலெக்டருக்கு மனு கொடுக்க வேண்டும், தலைவர் என்ற முறையில் சார் முதல் கையெழுத்துப் போட வேண்டும் என்று வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பா ‘பார்ப்போம்’ என்றார். அவர் போனதும் அம்மா எழுந்து உள்ளே போனாள். சமையலறையில் பாத்திரங்கள் கொஞ்சம் பலமாக வைக்கப்பட்டன.

காரணம் எனக்குச் சில நாள் கழித்துத்தான் விளங்கியது. அந்த லேஅவுட்டில் அப்பா ஒரு மனை வாங்கியிருந்தார். அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லோரும் வீடு கட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் ஆண்டுதோறும் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றபின் எங்கே போவது என்கிற பயம் அப்பாவை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. கைக்கு எட்டிய விலையில் கிடைத்தது அந்த இடம்தான். அம்மா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். அவர் செய்தித்தாளை விரித்துக்கொள்வார் என்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்த பேச்சு அப்பாவுடையது. ஏரிகளைப் பற்றி. எப்போதோ ஒத்துக்கொண்டது, தள்ளிப்போட முடியவில்லை. அன்று கூட்டம் அதிகம். லேஅவுட் விவகாரம் ஊருக்குள் பேச்சாகியிருந்ததால் ஏரிக்கரைத் தெருவிலிருந்தும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அப்பா நன்றாகவே பேசினார். ஓர் ஏரிக்குக் கரை மட்டும் போதாது, மழைக்காலத்தில் காலை நீட்டிக்கொள்ள இடமும் வேண்டும் என்று சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். விளக்குப் போட்டாயிற்று. கேள்வி நேரம் என்று சாமுவேல் மாமா அறிவித்தார்.

கடைசி வரிசையில் அம்மா எழுந்து நின்றாள். அத்தனை ஆண்டுகளில் அவள் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. யாரோ சிரித்தார்கள்.

“சார், ஒரு சந்தேகம்” என்றாள்.

அப்பா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “கேளுங்கம்மா” என்றார்.

“ஏரித் தண்ணி நிக்கிற எடத்துல மண்ணக் கொட்டி வீடு கட்டினா என்ன ஆகும்?”

அப்பா எதையாவது சொல்லிச் சமாளிப்பார் என்றுதான் நினைத்தேன். சமாளித்துவிட்டால் நல்லது என்றும் வேண்டிக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

“ஒருநாள் தண்ணி வரும். என்னைக்குன்னு சொல்ல முடியாது. ஆனா வரும்.”

“அப்போ கட்டலாமா, கூடாதா சார்?”

“கூடாது.”

“நன்றி சார்” என்று சொல்லிவிட்டு அம்மா உட்கார்ந்தாள்.

சாமுவேல் மாமா மகிழ்ச்சியோடு எழுந்து, சாரே சொல்லிவிட்டார், இனி மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போடலாம், சார் முதலில் போடுவார் என்று காகிதத்தை மேசையில் வைத்துப் பேனாவை நீட்டினார். அப்பா பேனாவை வாங்கவில்லை.

“என்னால முடியாது சாமுவேல். நான் அங்க மனை வாங்கியிருக்கேன்.”

இதை அவர் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் முன்வரிசைகளுக்குக் கேட்டது. பின்வரிசைகளுக்கு முன்வரிசைகள் சொல்லின. சாமுவேல் மாமாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னலில் தொங்கிய போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை. “சரி சார், நான் போட்டுக்கறேன்” என்று மட்டும் சொல்லித் தானே முதல் கையெழுத்துப் போட்டார். பிறகு வழக்கம்போல் மைக்கைப் பிடித்து, பேசியவருக்கும் வந்தவர்களுக்கும் கூடம் கொடுத்த பள்ளிக்கும் முறையாக நன்றி சொன்னார். சுண்டல் அன்று அப்படியே திரும்பி வந்தது.

அந்த மனு என்ன ஆயிற்று என்று தெரியாது. லேஅவுட் ஆயிற்று. அப்பா அங்கேதான் வீடு கட்டினார். ‘பேஸ்மெண்டை’ ஆள் உயரத்துக்குத் தூக்கினார், மாடியில் இரண்டு அறை எடுத்தார், அரசாங்க அனுமதி இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். எல்லோர் முன்னாலும் கூடாது என்று சொன்னவர் எப்படிக் கட்டினார் என்று நான் பல காலம் யோசித்திருக்கிறேன். இப்போது யோசிப்பதில்லை. வங்கிக் கடனும் வாடகை வீடும் உள்ளவர்களுக்கு அது பெரிய புதிராக இருக்காது. வட்டத்தின் பேச்சுகள் இன்னும் சில மாதம் நடந்தன, வருகிறவர்கள் குறைந்தார்கள், பிறகு பலகையையும் யாரோ எடுத்துவிட்டார்கள். சாமுவேல் மாமா எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. ரயில் நிலையத்தில் அம்மாவைப் பார்த்தால் மட்டும் தலையசைப்பாராம்.

பெருவெள்ளம் வந்த ஆண்டு நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விடிந்து பார்த்தபோது தெரு இல்லை. படிக்கட்டுகள் ஒவ்வொன்றாக முங்கி, நடுப்பகலுக்குள் கூடத்து ஸ்விட்ச் போர்டு வரை தண்ணீர் ஏறிவிட்டது. மாடியிலிருந்து எங்களை இறக்கியது ஏரிக்கரைத் தெருப் பையன்கள். லாரி டியூபுகளின் மேல் கதவைக் கட்டி மிதவையாக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். “பெருசை மொதல்ல எறக்கு அண்ணாத்த, அவுருக்கு நடுங்குது பாரு” என்று ஒருவன் சொன்னது நினைவிருக்கிறது. பெருசு என்றது அப்பாவைத்தான்.

கொண்டுபோய் விட்டது அதே பள்ளிக்கூடத்தின் கூடத்தில். பாய்களும் மூட்டைகளும் ஈரத் துணிகளும். சாமுவேல் மாமாவின் குடும்பம் எங்களுக்கு முன்பே அங்கே வந்திருந்தது. வெளியேற வழியில்லாத தண்ணீர் எங்கள் மனைகளை நிரப்பிவிட்டு, திரும்பி அவர்கள் தெருவுக்குள் போயிருந்தது. அவர்களுடைய ஓட்டு வீட்டுச் சுவர் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அப்பா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். உள்ளே போகவும் முடியாமல் திரும்பவும் இடமில்லாமல் அவர் நின்ற நிலையை என்னால் இன்றும் சொல்ல முடியாது. சாமுவேல் மாமாதான் எழுந்து வந்து கையைப் பிடித்தார்.

“இன்னா சார் அங்கயே நின்னுகினுகீற. ஏரியே வூட்டாண்ட வந்துகீது. இனிமே நாம உலா போவத் தேவையில்ல.”

அப்பாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அம்மா ஈரப் புடவையோடு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். குத்திக் காட்ட அதைவிட நல்ல நேரம் அவளுக்குக் கிடைத்திருக்காது. ஆனால் அவள் சொன்னது இதுதான்:

“அன்னைக்கு அவர் பதில் சரியாத்தான் சொன்னார், சாமுவேலு.”

“பதிலு கரீட்டுதாங்க்கா” என்றார் சாமுவேல் மாமா. “நாமதான் பெயிலு.”

‘நாம’ என்றார் அவர். அதை அப்பா கவனித்தார் என்று நினைக்கிறேன். நான்கு நாள் இரண்டு குடும்பங்களும் அடுத்தடுத்த பாய்களில் படுத்தோம். பொட்டலச் சாப்பாட்டைச் சேர்ந்தே பிரித்தோம். தண்ணீர் வடிந்ததும் அப்பா தம் வீட்டுச் சேற்றை அள்ளுவதற்கு முன்னால் சாமுவேல் மாமாவின் வீட்டுக்குப் போய்ச் செங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பழைய சிநேகம் திரும்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். பேசிக்கொண்டார்கள். சாமுவேல் மாமா மூன்று ஆண்டுகள் கழித்து மாரடைப்பில் போனபோது, பெட்டியின் தலைமாட்டில் அப்பா நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

அப்பா கட்டிய அந்த வீட்டில்தான் இன்றும் இருக்கிறோம். நான் சிறுசேரிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். கேப் வண்டி வீடு வந்து சேரும்போது பாதித் தூக்கத்தில் இருப்பேன். விற்றுவிடலாம் என்று ஒருமுறை சொன்னேன். வாங்குகிறவரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டுத்தான் விற்பேன் என்றார் அப்பா. சொன்னால் எவன் வாங்குவான் என்றாள் அம்மா. பேச்சு அதோடு முடிந்தது.

போன மாதம் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம் ஏரியைச் சுற்றி ‘நேச்சர் வாக்’ நடத்தியது. என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏரி இருக்கிறது, கம்பி வேலிக்குள், டைல்ஸ் பாதைக்கு நடுவே, சின்னதாக. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்கள். ஓர் இளைஞர் கையடக்க மைக்கில் பறவைகளின் பெயர்களைச் சொன்னார், நல்ல பிள்ளை, விஷயம் தெரிந்தவர்தான். எட்டு மணிக்குள் படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் கலைந்தார்கள். தன் வேலைக்கு எந்த உபயோகமும் இல்லாத ஒன்றைக் கேட்பதற்காக ஞாயிற்றுக்கிழமை குளித்துக் கிளம்பி வந்து, மர பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த அந்த மனிதர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. நானே அப்படி உட்காரமாட்டேன்; எனக்கும் அன்று சலவைத் துணி கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா யார் பேசினார்கள், எதைப் பற்றி என்று விசாரித்தார். சொன்னேன்.

“கடைசியில யாராவது ஏதாவது கேட்டாங்களா?”

“இல்லப்பா. எல்லாருக்கும் அவசரம்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே வடகிழக்கில் மேகம் கட்டிக்கொண்டிருந்தது. அம்மா அரிசி டிரம்மை மாடிப்படியின் முதல் படி வரை தனியாகவே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நான் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போய் மறுபக்கம் பிடித்தேன்.