சுவருக்குள் கிடந்த சணல்

விருத்தாசலத்தில் பாவாடை என்ற பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அதனால் ஒவ்வொருவனுக்கும் முன்னால் ஓர் ஒட்டுப்பெயர் உண்டு. லாரி ஓட்டுகிறவன் லாரி பாவாடை, மாட்டுத் தரகு பார்க்கிறவன் தரகு பாவாடை. ஒயர்மேன் வேலை பார்த்த எங்கள் பாவாடைக்கு மட்டும் வேலையை வைத்துப் பெயர் வரவில்லை. அவனைச் சிமிழ் பாவாடை என்றார்கள். அந்தப் பெயரை ஒட்டவைத்தவர் கடலை மண்டி ராஜாங்கம். அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. நடுநிலையோடு சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அறுபத்தொன்றில் ராஜாங்கம் மாடி வீடு கட்டினார். அப்போதெல்லாம் சுவரின் மேல் மரச்சட்டம் அடித்து அதில்தான் ஒயரை ஓட்டுவார்கள். அவருக்கு ஒயரே கண்ணில் படக்கூடாதாம். சுவருக்குள் இரும்புப் பைப்பைப் புதைத்து, அதற்குள் ஒயர் போக வேண்டும் என்றார். சிதம்பரத்தில் அந்த வேலையைப் பார்த்திருந்த பாவாடை, கொத்தனார் பின்னாலேயே நின்று ஒவ்வொரு பைப்பையும் வளைத்து வைத்தான். பகலில் வேலை, சாயங்காலம் என்னிடம் வந்து அந்த வீட்டைப் பற்றிப் பேச்சு. சொந்த வீடு கட்டுகிறவன் போல அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு.

கிரகப்பிரவேசத்தன்று பந்தி நடந்துகொண்டிருந்தபோது பூஜை அறையில் இருந்த, மூடியில் கிளி வைத்த வெள்ளிக் குங்குமச் சிமிழைக் காணவில்லை. அந்த அறையில் கடைசியாகப் பல்பு மாட்டியவன் பாவாடை. அது போதுமாக இருந்தது. ராஜாங்கம் அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டுக்கு வெளியே இழுத்து வந்து, கன்னத்தில் அறைந்தார். சாமான் பையைத் தெருவில் கவிழ்த்தார். வேட்டியை அவிழ்த்து உதறச் சொன்னார். உதறினான். அவன் மனைவி கொளஞ்சியம்மாள் சாப்பாட்டு இலையிலிருந்து பாதியில் எழுந்து ஓடி வந்து, தன் முந்தானையால் அவனை மறைத்தாள். பையிலும் ஒன்றும் இல்லை, வேட்டியிலும் ஒன்றும் இல்லை.

"இதுக்குள்ள எங்கயாவது கைமாத்தியிருப்பான்" என்று சொல்லிவிட்டு ராஜாங்கம் உள்ளே போய்விட்டார்.

அன்றோடு பாவாடையை யாரும் வீட்டு வேலைக்குக் கூப்பிடவில்லை. தொழிற்பேட்டையில் இருந்த ஒரு பீங்கான் கம்பெனியில் மோட்டார் பார்க்கிற வேலைக்கு வந்து சேர்ந்தான். நான் அங்கே சூளையில் இருந்தேன். எங்கள் கம்பெனியில் செய்த ஃபியூஸ் கட்டைகள் ஊரில் எல்லா வீட்டுக்குள்ளும் போயின. அவன் போக முடியவில்லை. கொளஞ்சியம்மாளோ கொளஞ்சியப்பர் கோயிலுக்கு நடந்தே போய்ப் பிராது கட்டிவிட்டு வந்தாள். போலீசிடமும் கோர்ட்டிலும் எடுபடாத வழக்கை எழுதி அங்கே முருகனிடம் கட்டிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நியாயம் கிடைத்ததும் போய் வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பாவாடை பிராதை நம்பவில்லை. அவன் ரப்பரை நம்பினான். "அந்த வூட்டு ஒயரெல்லாம் ரப்பரு, தங்கராசு. செவுத்துக்குள்ள காஞ்சி பொடியாவும். ஒரு நாளு அந்தாளு என்னத் தேடி வருவான்" என்பான். மற்றவர்கள் வேண்டிக்கொள்வதை அவன் கணக்காகச் சொன்னான்.

எழுபத்துநாலில் வந்தார். மகள் கல்யாணத்துக்காக வீடு முழுக்க வெள்ளையடித்து, கூடத்துக்கு ரோஸ் நிறத்தில் டிஸ்டெம்பர் பூசி முடித்த பிறகு, சுவிட்சு போர்டு புகைந்தது. ஒயர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பூசின சுவரை உடைக்கவும் மனசில்லை. அந்தப் பைப்பையே திரும்ப உபயோகிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். கம்பெனி கேட்டில் நின்று பாவாடையைக் கூப்பிட்டனுப்பினார்.

"பாவாட, பழசயெல்லாம் மனசுல வெச்சிக்காத. செவுத்துல ஒரு உளி படக்கூடாது, அவ்ளோதான்."

"வரேங்க. ஒரே ஒரு கண்டிசன். வேல முடிஞ்சி கெளம்பும்போது கேட்டாண்ட வெச்சி, நீங்களே என் பைய சோதிக்கணும்."

ராஜாங்கம் அதை விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துணைக்கு நான் போனேன். வேலை இதுதான்: பழைய ஒயரின் ஒரு முனையில் பாவாடை சணல் கயிற்றைக் கட்டுவான். மறுமுனையில் ஏணி மேல் நின்று நான் ஒயரை இழுப்பேன். ரப்பர் பொலபொலவென்று உதிர, ஒயர் வெளியே வரும். அது இருந்த இடத்தில் சணல் போய் உட்காரும். புது ஒயர் வந்ததும் அதைச் சணலில் கட்டி இழுத்தால் பைப்புக்குள் போய்விடும். சுவரைத் தொடவே வேண்டாம். புது ஒயர் லாரியில் வந்துகொண்டிருந்ததால், முதலில் எல்லா அறைக்கும் சணலைப் போட்டு, இரண்டு முனையையும் வெளியே தொங்கவிட்டோம்.

கடைசியாகப் பூஜை அறை. உள்ளே போன பாவாடை அப்படியே நின்றுவிட்டான். மாடத்தில், விளக்குக்குப் பக்கத்தில், மூடியில் கிளி வைத்த அதே வெள்ளிச் சிமிழ் இருந்தது. நிறையக் குங்குமம். தினமும் கை படுகிற பொருள் என்று பார்த்தாலே தெரிந்தது.

வாசற்படியில் ராஜாங்கத்தின் மனைவி பெரியநாயகி நின்றிருந்தார்.

"இது எப்ப கெடச்சிதுங்கம்மா?" என்று பாவாடை கேட்டான்.

அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. "மூணாம் நாளே கெடச்சிடுச்சிப்பா. கூட்டமா இருக்குதேன்னு யாரோ எடுத்து அரிசிப் பானைக்குள்ள வெச்சிட்டாங்க. ஆளனுப்பி சொல்லுங்கன்னு அவருகிட்ட சொன்னேன். கேக்கல."

நானாக இருந்தால் கையில் இருந்த ஒயர் வெட்டும் குறட்டை அந்தச் சிமிழ் மேல் வீசியிருப்பேன். பாவாடை பூஜை அறைக்கும் சணலைப் போட்டு முடித்தான். பிறகு ஒவ்வோர் அறையாகப் போய், தொங்கின சணல் முனைகளைப் பைப்புக்குள் கண்ணில் படாத ஆழத்துக்குத் திருப்புளியால் தள்ளிவிட்டு வந்தான்.

"என்னப்பா பண்ற?" என்றேன்.

"அந்தாளு வாயத் தொறந்தா வெளிய எடுப்பேன்."

கேட்டுக்கு வெளியே, பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்தில், சாமான் பையை விரித்து வைத்தான். எதிரே டீக்கடை. கூட்டம் சேரக் கேட்கவா வேண்டும்!

"சோதிங்க" என்றான்.

ராஜாங்கம் குனியவில்லை. "எதுக்குடா இந்தக் கூத்து?"

"சிமிழு மூணாம் நாளே கெடச்சிடுச்சி, பாவாட எடுக்கலன்னு இந்தத் தெருவுல நின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நாளைக்கே ஒயர ஏத்திட்டு லைட்ட எரிய வுட்டுடறேன்."

கூட்டம் ராஜாங்கத்தின் வாயைப் பார்த்தது. ஒரு வார்த்தைதான். சொல்லியிருக்கலாம்.

"ஒரு ஒயர்மேனுக்கு நான் தெருவுல நின்னு பதில் சொல்லணுமா? போடா! ஊருல வேற ஆளே இல்லயா?"

பாவாடை பையைச் சுருட்டிக்கொண்டான். அவன் முகத்தில் கோபமே இல்லை. இந்தப் பதிலைத்தான் அவன் எதிர்பார்த்து வந்திருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கடலூரிலிருந்து வேறொரு ஒயர்மேன் வந்தான். பைப்புக்குள் கம்பியை விட்டுப் பார்த்தான். பாவாடை வளைத்த வளைவுகளில் அது முட்டிக்கொண்டு நின்றது. கல்யாணம் நெருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் கொத்தனார் மாணிக்கவேல் ஆட்களோடு வந்து, எல்லா அறையிலும் சுவரைப் பிளக்க ஆரம்பித்தான். பாவாடை கம்பெனிக்கு லீவு போட்டான், நானும் போட்டேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உளிச்சத்தத்தைக் கேட்டோம். ரோஸ் நிறக் காரை கூடை கூடையாக வெளியே வந்து விழுந்தது. அப்படி ருசியான டீயை நான் குடித்ததே இல்லை.

சுவரையெல்லாம் பிளந்து முடித்து, கூடத்துப் பைப்பை அறுத்தபோதுதான் மாணிக்கவேலின் கையில் சணல் சிக்கியது. இழுத்தான், தடையில்லாமல் ஓடிவந்தது. கடலூர் ஒயர்மேன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு ராஜாங்கத்திடம் சொன்னானாம்:

"ஐயா, இது உள்ளயே கெடந்திருக்குது. இதுல ஒயரக் கட்டி இழுத்திருந்தா செவுத்தத் தொட்டிருக்கவே வேணாங்க."

ராஜாங்கம் சணலைக் கையில் பிடித்தபடி ஜன்னலுக்கு வந்தார். டீக்கடையைப் பார்த்தார். பாவாடை தன் டீக்கிளாசை அவருக்கு நேராகத் தூக்கிக் காட்டிவிட்டு, மிச்சத்தைக் குடித்து முடித்தான்.

கல்யாணம் பிளந்த சுவர்களுக்கு நடுவே, காஸ் லைட் வெளிச்சத்தில் நடந்தது. பூச்சு காயவில்லை, ஒயர் வேலை முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் என்ன ஏது என்று விசாரிக்க, மாணிக்கவேல் சிமிழ் கதையிலிருந்து சணல் வரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டான். ஊரும் கேட்டுக்கொண்டது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்குச் சிமிழ் வீடு என்று பெயர். பாவாடை வெறும் ஒயர்மேன் பாவாடை ஆனான். எனக்கு அது போதுமாக இருந்தது. கொளஞ்சியம்மாளுக்குப் போதவில்லை.

மறு மாதம் பெரியநாயகி அம்மாள் தனியாகப் பாவாடை வீட்டுக்கு வந்தார். முந்தானைக்குள்ளிருந்து அந்தச் சிமிழை எடுத்து நீட்டினார்.

"கொளஞ்சி, இத நீயே வெச்சிக்கம்மா. புதுசா கண்ணாலமான பொண்ணு எனக்கு, அவ மேல எதுவும் வந்துடக்கூடாது. கோயில்ல கட்டுன பிராத மட்டும் வாபஸ் வாங்கிடும்மா, ஒன்ன கையெடுத்துக் கும்புடறேன்."

கொளஞ்சியம்மாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆனா இத நான் வாங்குனா, சிமிழு கடேசில பாவாட வூட்டுலதான் இருந்துச்சின்னு நாளைக்கி உங்க வூட்டுக்காரரே சொல்லுவாரு. எடுத்துட்டுப் போங்க. அவுரு தெருவுல நின்னு அந்த ஒரு வார்த்தயச் சொல்லட்டும். அன்னிக்கே கோயிலுக்குப் போறேன்."

ராஜாங்கம் அதற்குப் பிறகு நாலு வருஷம் உயிரோடு இருந்தார். கடைசி வரை சொல்லவில்லை. பிராதும் அங்கேயேதான் இருக்கிறது.