இரண்டும் இடது கால்

பூதக்கண்ணு, உன் மகள் பிரியா போன் செய்தபோது நான் ஆம்பூர் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். "அத்தை, அம்மா போய்ட்டாங்க" என்றாள். "அக்கா வீட்ல இருந்து கெளம்பிட்டாளா? எப்போ வந்து சேருவா?" என்று கேட்டேன். அக்காவுக்கு உடம்பு முடியவில்லை, குடியாத்தம் போகிறேன் என்றுதானே பத்து நாள் முன்னால் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாய். அந்தப் பிள்ளை அழுத பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வசந்தி என்ற உன் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான். ஷூ கம்பெனியில் நம் மேசைக்கு நீ பூதக்கண்ணு. இடது காலையும் வலது காலையும் ஜோடி சேர்த்துப் பெட்டியில் வைப்பது நம் வேலை. ஒரு தையல் பிசகினாலும், தோலின் நிறம் துளி மாறினாலும் நீ எடுத்து ஒதுக்கிவிடுவாய்.

சாப்பாட்டு நேரத்தில், பிரியா உன் போனில் ஏற்றிக் கொடுத்த கார்ட்டூன் தொடரைப் பார்ப்போம். நீல உடையில் பறந்து வந்து ஊரைக் காப்பாற்றும் பெண்ணுக்கு நாம் வைத்த பெயர் நீலக்காரி. ஒரு பாகத்தில் அவள் தன் தோழியையே அறையில் தள்ளிப் பூட்டிவிட்டுப் போனாள். எனக்கு ஆத்திரம் வந்தது.

"இன்னாடி கதை இது? நேத்து வரைக்கும் தோஸ்த்து, இன்னிக்குப் பூட்டிட்டுப் போறா. கதை எழுதனவனுக்கு மூளை கம்மியா?"

"மூஞ்சியையே பாக்காத மல்லி. பூட்ஸைப் பாரு. ஜிப்பு எந்தப் பக்கம் இருக்குது?"

எப்போதும் உள்பக்கம் இருக்கும் ஜிப்பு அன்று இரண்டு காலிலும் வெளிப்பக்கம் இருந்தது. படம் போட்டவன் தூக்கத்தில் போட்டிருப்பான் என்றேன்.

"தூக்கமாவது! கால் மாத்திப் போட்டுக்கினு இருக்கா. சொந்த பூட்ஸை எவளாவது மாத்திப் போடுவாளா? இவ வேற எவளோ. திருடிப் போட்டுக்கினு வந்திருக்கா."

எல்லோரும் உன்னைக் கேலி செய்தோம். இரண்டு பாகம் தள்ளிப் பார்த்தால், உண்மையான நீலக்காரி பாதாள அறையில் வெறுங்காலோடு கிடந்தாள். நீ சோற்றுக் கையோடு எழுந்து கத்தினாய். சூப்பர்வைசர் பாய் ஓடி வந்து, "இன்னாம்மா, ஜோடி மாறிப் போச்சா?" என்றார். "ஆமா பாய், கார்ட்டூன்ல" என்றாய்.

அன்று நீ சொன்னது இது: "யாரும் பாக்கக் கூடாதுன்னா படம் போட்டவன் அந்த ஜிப்பை வரையாமலே வுட்டிருப்பான்டி. ஒருத்தராவது பாக்கட்டும்னுதான் ஓரத்துல வெக்கிறான்."

கடைசிப் பாகத்தைச் சேர்ந்துதான் பார்ப்பது என்று பேசி வைத்திருந்தோம்.

சாவு வீட்டில் பாய் என்னிடம் வந்தார். "ஆறு மாசமா வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருந்துச்சு. லீவு கேக்க வந்தப்போ எங்கிட்ட சொல்லிச்சு. உனக்குத் தெரியாதாம்மா?" தெரியும் என்பதுபோலத் தலையாட்டினேன். அத்தனை பேர் முன்னால் என்னை அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தாய். பதினோரு வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவளிடம் குடியாத்தம் என்றாய், பாயிடம் வேலூர் என்றாய். கடைசிப் பாகத்தையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனியாகப் பார்த்து முடித்துவிட்டாய் என்று பிரியா சொன்னாள். சுற்றிலும் அழுதார்கள். கோபத்தில் எனக்கு அழுகை வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. வலது தோளில் மாட்டும் பையை நீ பொங்கலுக்குப் பிறகு இடது தோளுக்கு மாற்றிக்கொண்டாய். பெட்டியை இடது கையால் இழுத்தாய். ஒரு நாள் நீ ஜோடி சேர்த்த பெட்டிக்கு மூடி போடப் போனேன். உள்ளே இரண்டும் இடது கால். பதினோரு வருடத்தில் முதல் தடவை. பாய் பார்ப்பதற்குள் மாற்றி வைத்தேன். "இன்னா பூதக்கண்ணு, கண்ணு தூங்கிடுச்சா?" என்றேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு சிரித்தாய். நானும் சிரித்துவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தேன்.

கோபம் இன்னும் போகவில்லை. ஆனாலும் உன் கண்ணை நான் வைத்துக்கொண்டேன். போன வாரம் உன் இடத்துக்கு வந்த புதுப்பெண் வலது கையை மடக்கியே வைத்திருந்தாள். "கைக்கு இன்னாம்மா?" என்று கேட்டுவிட்டேன். "மருதாணிக்கா, அழியக் கூடாதுன்னு" என்றாள். மேசையே சிரித்தது. சிரிக்கட்டும். இனிமேல் கேட்காமல் விடமாட்டேன்.

அந்தப் பெட்டியை மட்டும் எனக்குச் சொல், வசந்தி. அந்த இரண்டு இடது கால், கை தவறி வந்ததா, நான் கேட்கட்டும் என்று நீயே வைத்ததா?