மூன்று பல் பிஸ்கட்

பிஸ்கட்டைக் கடிக்கவிட்டு, காதை அதன் பக்கத்தில் கொண்டுபோவார். கடிப்பது அவரல்ல. மேசைமேல் இரும்புக் கீலில் மாட்டியிருக்கும் வெள்ளைத் தாடை. மேல்பாதியை அவர் விரலால் மெல்ல அழுத்துவார். பிஸ்கட் நொறுங்கும், அல்லது நசுங்கும். "ம்ஹூம். சத்தம் பத்தல" என்பார். மிச்சத்தைத் தட்டில் ஒதுக்கிவிட்டு நோட்டில் ஒரு பெருக்கல் குறி போடுவார். அந்த வாரத்தில் அது பதினோராவது பெருக்கல் குறி.

பல்செட் செய்வது அவர் தொழில். தெருவில் எல்லாருக்கும் அவர் பல்செட்டுக்காரர். வயது அறுபதை எட்டிப் பார்க்கிறது. ஒல்லியான ஆள். விரல் இடுக்கில் எப்போதும் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். யாரிடம் பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். வழியில் தெரிந்தவர் யாராவது வணக்கம் சொன்னால் திருதிருவென்று விழிப்பார். "கொஞ்சம் சிரிங்க பாப்போம்" என்பார். அவர்கள் சிரித்த பிறகு, "அட, நீங்களா! கீழ்வரிசை, வலது பக்கம் நாலு!" என்று தோளில் தட்டுவார்.

வாசலறைதான் பட்டறை. அதற்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு திரை மட்டும். அந்தப் பக்கம் அவருடைய அக்கா சமைப்பார். இந்தப் பக்கம் இவர் தாடை வார்ப்பார். முதலில் வாய்க்குள் ரப்பரை அழுத்தி அச்சு எடுப்பார். அச்சுக்குள் வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் குழைத்து ஊற்றினால், இருபது நிமிடத்தில் அது கல்லாக இறுகி, அந்த ஆளின் தாடை அப்படியே கையில் வந்துவிடும். அதை வைத்துத்தான் பல்செட் கட்டுவார். அந்தப் பொடிக்கு வேறு பெயர் இருக்கிறது. ஆனால் அவர் அதை 'மாவு' என்றுதான் சொல்வார். "கண்ணைக் கட்டிவிட்டாலும் மாவு குழைப்பேன்" என்பது அவர் அடிக்கடி அடித்துக்கொள்கிற பெருமை.

அவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. பல்செட்டைக் கொடுக்கும் நாளில், அச்சை அந்த ஆளின் கண் முன்னாலேயே கத்தியால் இரண்டாக வெட்டிவிடுவார். "ஒருத்தர் வாய் இன்னொருத்தர் வீட்ல இருக்கக் கூடாதுங்க" என்பார். முப்பது வருடமாக ஒரு அச்சும் தப்பியதில்லை, ஊருக்கே அது தெரியும்.

இந்தப் பிஸ்கட் சோதனை எல்லாம் ஒரு நாய்க்காக. வெள்ளை உடம்பு, முதுகில் ஒரு கறுப்புப் புள்ளி. அதனால் அதன் பெயர் சொத்தை. அவர் உள்ளேயிருந்து, "சொத்தய வெளிய எடுத்து விடுக்கா!" என்று கத்தும்போது, வாசலில் முறை காத்து உட்கார்ந்திருப்பவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

சொத்தை பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. அவர் அதற்காகக் கவலைப்படவில்லை. "அது பொறந்த தேதி எனக்கெப்படி தெரியும்? என்னைக் கடிச்ச தேதி தெரியும். அதுதான் கணக்கு" என்று கட்டைவிரல் தழும்பைக் காட்டுவார். முதல் கடி விழுந்த நாள்தான் பிறந்தநாள். அந்த நாளில் வருடம் தவறாமல் தன் கையால் ஒரு பிஸ்கட் சுட்டுக் கொடுப்பார். அது 'கடக்' என்று கடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் அவர் பட்டறையைத் திறப்பார்.

இந்த வருடம் அதற்குப் பதின்மூன்று. கடைசிப் பல்லும் போன மாதம் விழுந்துவிட்டது. ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவர் வீட்டில் பொக்கைவாய் நாய். அவருக்கு மானம் போன மாதிரி இருந்தது. சொத்தைக்கே ஒரு பல்செட் கட்டிவிடலாம் என்று அதன் வாயில் அச்செடுத்தார். ரப்பரில் புதினா வாசனை இருந்ததால் முதல் அச்சைத் தின்னப் பார்த்தது. பாதித் தொண்டையிலிருந்து பிடுங்க வேண்டியதாயிற்று. இரண்டாவது அச்சோடு தூங்கிவிட்டது. நாய் டாக்டர் அதைக் கேட்டுவிட்டு, "நீங்க அதுக்குப் பல்லு கட்டினா, அது உங்களுக்கு வாலு கட்டணுமே, பரவாயில்லையா?" என்று கேட்டார். அதோடு அந்தத் திட்டம் நின்றது.

ஆனால் சொத்தை சாப்பாட்டையும் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது. குழைத்து வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "அதுக்குப் பசி இல்லாம இல்லக்கா. கடிக்கணும் அதுக்கு" என்றார். அக்கா, "அதுக்கா, உனக்கா?" என்றார். இவர் சொத்தையின் தாடையை வார்த்து, ஈறுக்கு மெல்லிய ரப்பர் ஒட்டி, கீலில் மாட்டி, அன்றிலிருந்து பிஸ்கட் சோதனையில் இறங்கிவிட்டார். பல்லே இல்லாத வாயில் 'கடக்' என்று கேட்கிற பிஸ்கட் வேண்டும். சத்தம் வந்தால் ஈறு தாங்காது. ஈறு தாங்கினால் சத்தம் வராது. பதினோரு பெருக்கல் குறியும் இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும்.

பிறந்தநாள் ஒரு புதன்கிழமை. அதே வேளையில் டீச்சரின் வேலை வேறு கழுத்தை நெரித்தது. டீச்சர் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். பழைய மாணவர்கள் சனிக்கிழமை கூட்டம் போட்டு அவரைப் பேச அழைத்திருந்தார்கள். கீழ்வரிசையில் அவருக்கு மிச்சம் மூன்று பல், முன்னால் வரிசையாக. முதல்முறை வந்தபோதே பலகையில் 'பள்செட்' என்று இருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். "மொதல்ல அந்த எழுத்தைத் திருத்துங்க. அப்பத்தான் நான் வாயத் திறப்பேன்" என்றார். இவர் ஏணி போட்டு ஏறித் திருத்திய பிறகுதான் வாயைத் திறந்தார். அச்சு கொடுத்துவிட்டு, "ஷனிக்கிழமை, மறக்காதீங்க. பல்லில்லாம மேடையேறினா, நான் 'ஷந்தோஷம்'னு ஷொன்னதுமே அந்தப் பஷங்க ஷிரிப்பானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன் காலை அக்கா கடைத்தெருவுக்குக் கிளம்பும்போது, திரையை விலக்கித் தலையை நீட்டினார். "டேய், மாவுல எறும்பு. மாத்தி வச்சுட்டேன்."

"நல்ல வேலை பண்ணே" என்றார் தம்பி.

அவருக்கு ஜலதோஷம். மூக்கு அடைத்திருந்தது. கண்ணாடியை எங்கே கழற்றி வைத்தோம் என்று தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, கண்ணைக் கட்டிவிட்டாலும் குழைப்பவராயிற்றே. சமையலறை டப்பாவிலிருந்து மாவை அள்ளினார். வேகவைத்து மசித்த கோழி ஈரல், துருவிய கேரட், முட்டை, கொஞ்சம் எண்ணெய் எல்லாம் சேர்த்துப் பிசைந்தார். பிசையப் பிசைய மாவு கைக்குள் சூடேறியது. அவருக்கு மெய் சிலிர்த்தது. "புது மாவு! உயிரோட இருக்கு பாரு!" என்று சொத்தையிடம் சொன்னார். தட்டில் வைத்து முடிப்பதற்குள் பன்னிரண்டு பிஸ்கட்டும் இறுகிவிட்டன. அடுப்புக்குப் போவதற்கு முன்னாலேயே வெந்துபோகிற மாவை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. இருந்தாலும் முறைப்படி செய்ய வேண்டுமே என்று அவற்றின் மேல் ஈரல் சாற்றைத் தாராளமாக ஊற்றி, மின்னடுப்பின் மேல்தட்டில் வைத்தார்.

அடுத்து டீச்சர். பட்டறையின் நீல டப்பாவிலிருந்து பொடியை எடுத்துக் குழைத்து, டீச்சரின் அச்சில் ஊற்றி, குமிழி போக அதிரும் பலகைமேல் வைத்தார். இருபது நிமிடம் ஆயிற்று. நாற்பது ஆயிற்று. ஒரு மணி நேரம் கழித்தும் டீச்சர் கூழாகவே இருந்தார். 

கடையிலிருந்து திரும்பிய அக்கா எட்டிப் பார்த்து, "காயலன்னா சூடு காட்ட வேண்டியதுதானே. அடுப்புதான் எரியுதே" என்றார். அதுவும் சரிதான். அந்த ரப்பர் சூடு தாங்கும். டீச்சரும் அடுப்புக்குள் போனார், கீழ்த்தட்டில். பிஸ்கட் வறண்டுவிடாமல் இருக்க அவர் மறுபடி ஊற்றிய ஈரல் சாறும் எண்ணெயும் மேலே இருந்து சொட்டுச் சொட்டாக அச்சுக்குள் இறங்கின.

முதலில் பிஸ்கட்டுகளை வெளியே எடுத்தார். தாடைக்குள் ஒன்றை வைத்து அழுத்தினார். பிஸ்கட் உடையவில்லை, தாடை உடைந்தது. இன்னொன்று கை தவறிக் கீழே விழுந்ததில் தரை ஓடு ஒன்று விரிசல் விட்டது. சொத்தை வந்து முகர்ந்தது. பிறகு நிமிர்ந்து, பல்செட் சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தவர்கள் பார்க்கிற பார்வை ஒன்று பார்த்துவிட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது.

அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. கீழ்த்தட்டிலிருந்து டீச்சரை எடுத்தார். ரப்பரைப் பிரித்தார். உள்ளே, பொன்னிறத்தில், லாடம் போல வளைந்த ஒரு தாடை. முன்னால் மூன்று பல், மொறுமொறுவென்று.

"அக்கா! டீச்சர் வெந்துட்டாங்க!"

அக்கா ஓடிவந்து பார்த்தார். நீல டப்பாவைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "இது சமையல் மாவுடா! எறும்பு ஏறுதேன்னு இறுக்கமா மூடுற உன் டப்பாவுல கொட்டினேன். உன் மாவை என் டப்பாவுல கொட்டினேன். உன் மாவை எறும்பு தின்னாதில்ல? மாத்தி வச்சேன்னு சொன்னேனா இல்லையா?"

"மாத்தினேன்னா, பழசக் கொட்டிட்டுப் புதுசு வாங்கினேன்னு அர்த்தம்!"

"மாத்தினேன்னா மாத்தினேன்னுதான் அர்த்தம்! முப்பது வருஷமா மாவு, மாவுன்னு நீதான் ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சுக் கூப்பிடறே!"

"கல்லுக்கும் மாவுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரியும். பிசைஞ்சது யாரு?"

இந்த வாக்குவாதம் ஏறிக்கொண்டிருந்தபோது மேசை ஓரத்தில் ஒரு அசைவு. சொத்தை முன்னங்காலைத் தூக்கி வைத்து, அந்தத் தாடையை வாயில் கவ்வி இறங்கிவிட்டது. அவர் பாய்ந்து கையை நீட்டினார். வாடிக்கையாளர் தாடையாயிற்றே! சொத்தை நின்று திரும்பிப் பார்த்தது. ஒரு மாதமாகப் பொக்கையாக இருந்த வாயின் முன்னால் மூன்று பல். சற்றே கண்டிப்பான மூன்று பல்.

நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார்.

கடக்.

அதிரும் பலகை குமிழியைப் போக்குவதற்குப் பதிலாக உள்ளே அடைத்திருக்க வேண்டும். வெளியே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே வெறும் பொந்து. ஈறு பட்டதும் உடைந்தது. கடக், கடக். அக்கா இன்னும் பேசிக்கொண்டே இருந்தார். "அக்கா, கொஞ்சம் பேசாத" என்றார் இவர். கண்ணை மூடிக்கொண்டு, மேசையைப் பிடித்தபடி, கடைசித் துணுக்கு வரைக்கும் கேட்டார். பிறகு அச்சைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவி, சரியான மாவைச் சமையலறையிலிருந்து எடுத்துவந்து, டீச்சரின் தாடையை மறுபடியும் வார்த்தார். நோட்டில் முதல்முறையாக ஒரு சரி குறி விழுந்தது.

மறுநாள் சமையல் மாவில் ஒரு தாடை சுட்டுப் பார்த்தார், கறிச்சாறு தடவி. அச்சு கைவசம் இருந்ததே. சொத்தை அதையும் முடித்துவிட்டுத் தட்டை நக்கியது. சாதாரண வட்ட பிஸ்கட்டாக அதே மாவை, அதே சூட்டில் சுட்டார். நசுங்கியது. டீச்சரின் வளைவும் டீச்சரின் மூன்று பல்லும் இருந்தால்தான் சத்தம் வந்தது.

வெள்ளிக்கிழமை டீச்சர் வந்தார். பல்செட் சொன்னபடி தயாராக இருந்தது. மாட்டிவிட்டு, வழக்கம்போல ஒரு ஆப்பிள் துண்டைக் கொடுத்தார். டீச்சர் கடித்தார். கடக். உடனே திரைக்குப் பின்னாலிருந்து சொத்தை எழுந்து வந்தது. டீச்சர் எதிரே உட்கார்ந்து, அவர் வாயையே பார்த்து வாலை ஆட்டியது.

"என்ன இது, என்னையே பாக்குது?" என்றார் டீச்சர். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, "அதுக்கு உங்களை நல்லாத் தெரியும் டீச்சர்" என்றார்.

அதற்கு மேல் மறைக்க அவருக்கு வாய் வரவில்லை. எறும்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டீச்சர் அசையாமல் கேட்டார்.

"முழுசாவா?"

"முழுசா, டீச்சர்."

"மூணு பல்லும்?"

"அதைத்தான் மொதல்ல."

டீச்சர் சொத்தையின் பக்கம் திரும்பினார். "கடிச்சுக் குதறிடுவேன்னு சொல்லிச் சொல்லியே ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தினவ நான். என்னையே ஒருத்தி கடிச்சுத் தின்னுட்டாளா?" என்றார். பிறகு கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "சரி. அச்சை வெட்டுங்க, நான் கிளம்பணும்."

அவர் அச்சை இடது கையில் எடுத்தார். கத்தியை வலது கையில் எடுத்தார். சொத்தை அச்சைப் பார்த்தது. அக்கா இவரைப் பார்த்தார். கத்தி ரப்பரைத் தொட்டு, அப்படியே நின்றது.

"என்ன, மழுங்கிடுச்சா?" என்றார் டீச்சர்.

"ஒருத்தர் வாய் இன்னொருத்தர் வீட்ல..." என்று ஆரம்பித்தார். கத்தியைக் கீழே வைத்தார். பேனாவை எடுத்து, அச்சில் ஒட்டியிருந்த சீட்டில், டீச்சரின் பெயருக்குக் கீழே, கொட்டை எழுத்தில் எழுதினார்: 'சொத்த பொரந்தநாள்'. எழுதியதை டீச்சர் பக்கம் திருப்பி, மேசைமேல் மெதுவாக நகர்த்தினார்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சீட்டை ஒருமுறை படித்தார். பேனாவுக்குக் கையை நீட்டினார். வாங்கி, 'சொத்த'வின் கடைசி 'த'வுக்கு முன்னால், 'ஐ' ஓசைக்கான இணைக்கொம்பை இடுக்கி நுழைத்தார். 'பொர'வை அடித்துவிட்டு மேலே 'பிற' என்று எழுதினார். மூடியை மாட்டி, பேனாவையும் அச்சையும் சேர்த்து அவர் பக்கமே தள்ளினார்.