நாற்பதாயிரம் கிலோமீற்றர்

உசனாரின் சுண்டுவிரல் லொறியின் பின் அச்சிலிருந்த பக்கத்துத் துளைக்குள் நுழைந்து, வளைந்து, ஒயிலைத் தேடியது. இன்னும் எட்டவில்லை. மற்றக் கை ஒயில் பம்பை இரண்டு தரம் அழுத்தியது. துளையின் விளிம்பால் ஒரு துளி வழிந்ததும் விரல் வெளியே வந்தது. தேன் நிறம். அதைப் பார்த்தும் உசனாருக்கு மனம் ஆறவில்லை.

பதினாறு நாளுக்கு முன் இதே பின் அச்சிலிருந்து வடிந்தது பால்தேத்தண்ணி போல இருந்தது. தண்ணீர் கலந்த ஒயில். உள்ளே டிபரன்ஷல் பற்சக்கரங்கள் அரித்துப்போய், நெல் மூட்டைகளோடு வயல் வட்டையின் நடுவில் லொறி நின்றுவிட்டது. கிரானிலிருந்து ஏறாவூரில் உசனாரின் கராஜ் வரை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். மாற்றுச் சாமான் கொழும்பிலிருந்து வந்து சேர்வதற்குள் அறுவடை முடிந்துபோனது.

லொறிக்காரன் சுதாகரன் கவனமில்லாதவனாக இருந்திருந்தால் இவ்வளவு உறுத்தியிராது. "நாப்பதாயிரம் ஓடினா டிபரன்ஷல் ஒயில மாத்து" என்று சொன்னவர் உசனார்தான். உடைந்ததைப் பிரித்துப் பிரித்தே முப்பது வருடமாகத் தொழில் கற்ற மனிதர். அவர் சொன்னதைச் சுதாகரன் கொப்பியில் எழுதி வைத்தான். கடைசியாக ஒயில் மாற்றியதிலிருந்து லொறி நின்றபோது ஓடியிருந்தது முப்பத்தோராயிரம்தான்.

லொறியை எங்கே கழுவுகிறாய் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. அந்தப் பக்கத்து லொறிகள் ஓடிவந்த சூட்டோடு ஆற்றில் பின்பக்கமாக இறங்கும். சில்லு முழுக நிறுத்தித்தான் கழுவுவார்கள். கொதிக்கிற அச்சு சட்டென்று குளிர்ந்தால், மேலிருக்கும் காற்றுத் துளையால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். போன வருடம் வேறொரு லொறியில் இதைக் கண்டவர்தான். கண்டும் இவனுக்குச் சொல்லவில்லை.

"என்ன காக்கா, லொறிக்குக் கீழேயே குடிவந்திட்டீங்களா?" சுதாகரன் குனிந்து பார்த்தான்.

உசனார் ஊர்ந்து வெளியே வந்தார். "தம்பி, பிழை என்ட. கிலோமீற்றரச் சென்னன், தண்ணியச் செல்லல்ல."

"ஆத்துக்குள்ள இறக்கினது நான்தானே."

"நீ ஊரோட சேந்து இறக்கின. நான் தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்த."

சுதாகரன் கொப்பியை எடுத்தான். "மறுகா, இனி ஒயில எத்தினையில மாத்திற?"

"புதுப் பல்லு தேஞ்சு தூள் வரும். முதல் ஆயிரத்தில ஒருக்கா மாத்து. மறுகா நாப்பதாயிரம்தான். ஆனா அச்சு தண்ணியில முழுகினா அடுத்த நாளே அடியில இருக்கிற ஒயில் ஆணியக் கழட்டிப் பாரு. பாலாக் கிடந்தா, நூறு கிலோமீற்றர் ஓடியிருந்தாலும் மாத்து. கழுவிறெண்டா ஆறவிட்டு, கரையில நிப்பாட்டி வாளியால ஊத்து."

"வாளியாலயா? இனி ஊருல எனக்கு வாளிச் சுதாகரன் எண்டுதான் பேரு."

உசனாருக்குச் சிரிப்பு வரவில்லை. "வட்டையில ஏத்த ஏதும் மிச்சம் கிடக்கா?"

"வைக்கல்தான் கிடக்கு காக்கா. அதையெண்டாலும் ஏத்துவம்."

உசனார் சாரத்தில் கையைத் துடைத்தார். லொறிச் சாவியையும் துடைத்து அவன் கையில் வைத்தார்.